டார்லிங் ஆற்றங்கரை ஆட்டுப் பண்ணைகளில் முன்னோரைத் தேடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், மேற்கு ஓரமாக டார்லிங் ஆற்றை ஒட்டி இருந்த பெரிய செம்மறியாட்டுப் பண்ணைகளைப் பற்றியது இந்தப் பக்கம். அங்கே இவற்றை ‘ஸ்டேஷன்’ என்பார்கள். போர்க், வில்கேனியா, மெனிண்டி, வென்ட்வொர்த் ஆகியவை அருகிலிருந்த ஊர்கள். உங்கள் குடும்பத்தார் இருந்தது குயின்ஸ்லாந்திலோ தெற்கு ஆஸ்திரேலியாவிலோ என்றால், தேடும் முறை இதேதான். அலுவலகங்களும் ஆண்டுகளும் மாறும்.

எங்கள் குடும்பத்தில் ஒருவர் ஏதோ ஒரு பண்ணையில் வேலை பார்த்தார் என்று மட்டும் தெரியும். எங்கே தொடங்குவது?

அவருடைய இறப்பிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போங்கள். பலரும் பண்ணையின் பெயரைப் பிடித்துக்கொண்டு தேடத் தொடங்கி, அந்தப் பண்ணையின் முழு வரலாற்றையும் படித்து முடித்த பிறகும் தங்கள் ஆளைக் காணாமல் நிற்கிறார்கள். பண்ணை வரலாறு என்று எழுதப்பட்டவற்றில் பெரும்பாலானவை முதலாளியின் வரலாறு. கூலிக்காரர் அதில் வரமாட்டார்.

நியூ சவுத் வேல்ஸில் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றை அரசே பதிவு செய்யத் தொடங்கியது 1856 மார்ச் 1 முதல். அதற்குப் பிந்தைய இறப்புச் சான்றிதழில் இறந்தவரின் தொழில், பெற்றோர் பெயர், தந்தையின் தொழில், பிறந்த இடம், காலனிக்கு (இன்றைய மாநிலங்கள் அன்று தனித்தனி பிரிட்டிஷ் காலனிகள்) வந்து எத்தனை ஆண்டுகள், எங்கே யாரை மணந்தார், பிள்ளைகள், எங்கே அடக்கம் என்பதெல்லாம் இருக்கும். ஒரே தாளில் இவ்வளவு கிடைப்பது அபூர்வம். நியூ சவுத் வேல்ஸ் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவகத்தின் இணையக் குறியீட்டில் (பெயர்ப் பட்டியலில்) 100 ஆண்டு கடந்த பிறப்புகள், 50 ஆண்டு கடந்த திருமணங்கள், 30 ஆண்டு கடந்த இறப்புகள் ஆகியவற்றைக் கட்டணமின்றித் தேடலாம். பதிவு எண்ணையும் ஆண்டையும் குறித்துக்கொண்டு சான்றிதழ் வாங்கலாம். பதிவகம் அங்கீகரித்த படியெழுத்து முகவர்களிடம் அதே விவரங்கள் குறைந்த செலவில் கிடைக்கும். அதைச் சட்டத் தேவைக்குப் பயன்படுத்த முடியாது. குடும்ப வரலாற்றுக்குப் போதும்.

சான்றிதழ் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது, தகவல் கொடுத்தவர் யார் என்பதை. மகனோ மகளோ கொடுத்திருந்தால் பெற்றோர் பெயரை ஓரளவு நம்பலாம். பண்ணைக் கணக்கர், மேலாளர், காவலர் கொடுத்திருந்தால் பெற்றோர் இடத்தில் ‘தெரியாது’ என்று இருக்கும். வயது முழுப் பத்தாக இருக்கும். பிறந்த ஊருக்குப் பதில் ‘அயர்லாந்து’ என்று நாட்டின் பெயர் மட்டும் நிற்கும். அப்படிப்பட்ட சான்றிதழில் உறுதியானவை இறந்த தேதியும் இடமும்தான். மற்றதைத் துப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

குறியீட்டில் 1856-க்கு முந்தைய எண்களுக்கு முன்னால் ‘வி’ என்ற ஆங்கில எழுத்து இருந்தால், அது தேவாலயப் பதிவேட்டிலிருந்து எடுக்கப்பட்டது. பெற்றோர் பற்றிய விரிவான விவரங்களை அதில் எதிர்பார்க்காதீர்கள்.

பிறப்புப் பதிவு எங்கும் கிடைக்கவில்லையே?

மூன்று காரணங்கள் அடிக்கடி வருகின்றன. பதிவாளர் பல நாள் பயணத் தொலைவில் இருந்ததால் பதிவு தாமதமாகியிருக்கும், அல்லது பதிவே செய்யப்பட்டிருக்காது. பெயர் வைக்கும் முன்பே பதிவாகியிருந்தால் குறியீட்டில் குடும்பப் பெயரும் பாலினமும் மட்டும் இருக்கும்; ஆகவே முதற்பெயர் இல்லாமலும் ஒருமுறை தேடுங்கள். மூன்றாவது, தாய் பிரசவத்துக்கு வேறு காலனிக்குப் போயிருக்கலாம்.

இந்த மூன்றாவது காரணத்தைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். மேற்கு டார்லிங் பகுதி வரைபடத்தில் நியூ சவுத் வேல்ஸ். ஆனால் அதன் வாழ்க்கை அடிலெய்டையும் மெல்பர்னையும் நோக்கித்தான் ஓடியது. கம்பளி மூட்டைகள் நீராவிப் படகில் ஆற்றோடு போய், எச்சூகாவிலோ மோர்கனிலோ ரயில் ஏறின. எச்சூகா விக்டோரியாவில் உள்ளது. ரயில் வந்தது 1864-இல். மோர்கன் தெற்கு ஆஸ்திரேலியாவில் உள்ளது. ரயில் வந்தது 1878-இல். போர்க்குக்கு 1885-இல்தான் சிட்னி ரயில் எட்டியது. புரோக்கன் ஹில்லுக்கு அடிலெய்டுப் பக்கத்து இருப்புப்பாதை 1888-இல் வந்துவிட்டது. மெனிண்டி வழியாகச் சிட்னியோடு நேர் இணைப்பு வந்ததோ 1927-இல். எனவே மெனிண்டிக்குத் தெற்கேயோ மேற்கேயோ இருந்த குடும்பமென்றால் அடிலெய்டில் ஒரு பிறப்பு, ஒரு பள்ளி, ஒரு கல்லறை இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. தெற்கு ஆஸ்திரேலியாவில் 1842-லேயே அரசுப் பதிவு தொடங்கிவிட்டது. அந்தக் குறியீட்டுக்கு ஜீனியாலஜி எஸ்.ஏ. என்ற குடும்ப வரலாற்றுச் சங்கத்தின் தளத்தைப் பாருங்கள். விக்டோரியாவில் அரசுப் பதிவு தொடங்கியது 1853-இல்.

தேவாலய ஞானஸ்நானப் பதிவேடுகளும் உதவும். ஊர் ஊராகச் சுற்றிய பாதிரியார் ஒரு பண்ணையில் இறங்கிய நாளில் அண்ணன், தம்பி, பக்கத்து வேலியோரக் குடிசைக் குழந்தைகள் என எல்லோருக்கும் ஒரே மூச்சில் ஞானஸ்நானம் கொடுத்திருப்பார். எனவே ஞானஸ்நான தேதி பிறப்புக்குச் சில ஆண்டுகள் பின்னால் இருந்தால் திகைக்க வேண்டாம்.

பண்ணையின் பெயர் தெரியும். ஆனால் வரைபடத்தில் அது இல்லை.

இந்தப் பண்ணைகளில் பெரும்பாலானவை சொந்த நிலம் அல்ல, அரசு நிலத்தின் மீதான குத்தகை. குத்தகை பிரியும், சேரும், கைமாறும். பெயரும் அதோடு போகும். ஆகவே ‘எந்தப் பண்ணை’ என்பதோடு ‘எந்த ஆண்டில்’ என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

நினைவில் வைக்க வேண்டிய ஆண்டுகள் சில. 1836 முதல், குடியேற்ற எல்லைக்கு அப்பால் ஆடு மேய்க்க ஆண்டுக்கு 10 பவுண்டு உரிமக் கட்டணம். 1847-இன் அரசாணைக்குப் பிறகு குத்தகை கோரியவர்களின் பெயர்கள், மேய்ச்சல் நிலத்தின் பெயர், அண்டை நிலங்கள் ஆகியவை 1848-இன் அரசிதழில் அச்சாயின. 1884-இன் நிலச் சட்டம் மாநிலத்தைக் கிழக்கு, மத்திய, மேற்குப் பிரிவுகளாக்கி, ஒவ்வொரு பெரிய மேய்ச்சல் நிலத்தையும் இரண்டாகப் பிளந்தது: ஒரு பாதி குத்தகைதாரருக்கு, மறு பாதி அரசு திரும்ப எடுத்துக்கொள்ளக்கூடியது. 1890களின் நடுவில் தொடங்கி 1902 வரை நீண்ட பெரும் வறட்சி, முயல் தொல்லை, கம்பளி விலைச் சரிவு ஆகியவை சேர்ந்து மேற்குப் பிரிவை முறித்துப்போட்டதால், 1901-இல் மேற்கு நிலங்களுக்கென்றே தனிச் சட்டம் வந்தது. முதல் உலகப் போருக்குப் பிறகு, திரும்பி வந்த சிப்பாய்களுக்காகப் பல பண்ணைகள் துண்டாயின.

இன்று புகழ்பெற்ற மங்கோ தேசியப் பூங்காவின் கம்பளிக் கொட்டகை 1869-இல் கட்டப்பட்டது. அன்று அது கோல் கோல் பண்ணையைச் சேர்ந்தது. 1920களின் தொடக்கத்தில் அந்தப் பண்ணை சிப்பாய் குடியேற்றத்துக்காகப் பிரிக்கப்பட்ட பிறகே மங்கோ, ஜான்சி என்ற தனிப் பண்ணைகள் உருவாயின. ‘1880களில் மங்கோவில் இருந்தார்’ என்று குடும்பத்தில் சொன்னால், அன்றைய காகிதங்களில் நீங்கள் தேட வேண்டியது கோல் கோல்.

மாநில நிலப் பதிவகத்தின் வரலாற்று நிலப்பதிவு இணைய வரைபடத்தில் பழைய பாரிஷ் வரைபடங்களும் மேய்ச்சல் நில வரைபடங்களும் இலவசமாக உள்ளன. கவுண்டி என்பது நில அளவைப் பிரிவு; பாரிஷ் அதன் உட்பிரிவு. கவுண்டி, பாரிஷ் பெயர்களைக் கண்டுபிடித்து, ஒரே பாரிஷின் வெவ்வேறு பதிப்புகளை வரிசையாகத் திறந்து பாருங்கள். குத்தகைதாரர் பெயர் அடிக்கப்பட்டு வேறு பெயர் எழுதப்பட்டிருக்கும். ஓரத்தில் உள்ள எண்கள் நிலத்துறைக் கோப்பு எண்கள். படியெடுத்து வைத்தால் ஆவணக் காப்பகத்தில் கேட்க உதவும்.

ஒரே பெயரில் பல பண்ணைகள் இருப்பதும் சகஜம். அருகிலிருந்த தபால் நிலையத்தின் பெயரையும் சேர்த்துப் பார்க்காமல் எதையும் உறுதி செய்யாதீர்கள்.

பண்ணையின் கணக்குப் புத்தகங்கள் இன்னும் இருக்குமா?

பலவற்றை வெள்ளமும் தீயும் கறையானும் தின்றுவிட்டன. மிஞ்சியவை மூன்று இடங்களில் கிடைக்கலாம். கான்பெராவில் ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் நோயல் பட்லின் காப்பகம்: டால்கெட்டி, கோல்ட்ஸ்பரோ மோர்ட் போன்ற கம்பளி வணிக நிறுவனங்களின் ஆவணங்கள் அங்கே உள்ளன. இவை பண்ணைகளுக்குக் கடன் கொடுத்து, கடன் மூழ்கியபோது பண்ணைகளையே எடுத்துக்கொண்ட நிறுவனங்கள். அடுத்து, சிட்னியில் மாநில நூலகத்தின் மிட்செல் தொகுப்பு. மூன்றாவது, முதலாளி எந்த மாநிலத்துக்காரரோ அந்த மாநில நூலகம். மெனிண்டி அருகிலுள்ள கிஞ்செகா பண்ணையை 1870களில் நடத்திய ஹெர்பர்ட் பிரிஸ்டோ ஹியூஸ் தெற்கு ஆஸ்திரேலியப் பண்ணையாளர். அப்படிப்பட்ட இடத்துக்கு அடிலெய்டையும் கட்டாயம் பாருங்கள்.

அட்டவணையில் பண்ணையின் பெயரோடு நிறுவனப் பெயர், குத்தகைதாரர் பெயர் இரண்டையும் போட்டுத் தேடுங்கள். பல பெட்டிகள் நிறுவனத்தின் பெயரில்தான் பதிவாகியுள்ளன.

கையில் கிடைக்கக்கூடியவை: கூலிப் பதிவேடு, பேரேடு, கடைக் கணக்கு, கத்தரிப்பு எண்ணிக்கை ஏடு, கடித நகல் ஏடு, தினக் குறிப்பேடு. இவற்றில் அதிகம் பேசுவது கடைக் கணக்கு. தொழிலாளிக்கு வாரப்படி (வாராந்தர உணவுப் பங்கீடு) என்பது பொதுவாக 8 பவுண்டு மாவு, 10 பவுண்டு இறைச்சி, 2 பவுண்டு சர்க்கரை, கால் பவுண்டு தேயிலை (ஒரு பவுண்டு எடை ஏறத்தாழ 450 கிராம்). இதற்கு மேல் வாங்கிய புகையிலை, பூட்ஸ், துணி எல்லாம் கூலியில் கழிக்கப்படும். தனி ஆள் என்று நினைத்தவரின் கணக்கில் சிறு பூட்ஸும் பெண்கள் துணியும் வந்தால், கூட ஒரு குடும்பம் இருக்கிறது.

பேரேட்டில் பெயருக்குப் பக்கத்தில் உள்ள சிறு எண், பெரும்பாலும் இன்னொரு ஏட்டின் பக்க எண். அதைப் பிடித்துக்கொண்டு போனால் சேர்ந்த நாள், விலகிய நாள், கையில் கொடுத்த காசோலைத் தொகை கிடைக்கும். தொகைகள் பவுண்டு, ஷில்லிங், பென்ஸ் கணக்கில்: 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. கூலி ஆண்டுக்கா வாரத்துக்கா என்பதைப் பக்கத்தின் தலைப்பில் பாருங்கள். இதைப் பார்க்காமல் ‘ஆண்டுக்கு ஒரு பவுண்டுதான் கொடுத்தார்கள்’ என்று எழுதிவிடுகிறவர்கள் உண்டு.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பார்க்க முடியாதா?

இங்கிலாந்தில் இருப்பதுபோல இங்கே கிடையாது. வீட்டு வாரியான படிவங்கள் பெரும்பாலும் அழிக்கப்பட்டுவிட்டன. நியூ சவுத் வேல்ஸில் 1828, 1841 கணக்கெடுப்புகளின் பகுதிகள் உள்ளன. 1891, 1901 கணக்கெடுப்பாளர் ஏடுகள் உள்ளன. அவற்றில் வீட்டுத் தலைவர் பெயரும், ஆண் எத்தனை பெண் எத்தனை என்ற எண்ணும் மட்டும். பண்ணையில் மேலாளர் பெயருக்கு எதிரே ‘ஆண்கள் 40’ என்றிருந்தால், உங்கள் ஆள் அந்த நாற்பதில் ஒருவர்; பெயர் கிடையாது.

அவர் ஆட்டு ரோமம் கத்தரிப்பவர். எந்தப் பண்ணையில் தேடுவது?

எந்தப் பண்ணையிலும் அல்ல. கத்தரிப்பவர் பண்ணை வாசி இல்லை. குயின்ஸ்லாந்தில் தொடங்கித் தெற்கே விக்டோரியா வரை பருவத்தைப் பின்தொடர்ந்து கொட்டகை கொட்டகையாகப் போகிறவர். அவருக்கு வீடு என்று ஒன்று இருந்தால் அது நூற்றுக்கணக்கான மைல் தள்ளி, பெரும்பாலும் சிறு பயிர் நிலம் ஒன்றில். ஆகவே முதலில் மனைவி, பிள்ளைகள் இருந்த ஊரைக் கண்டுபிடியுங்கள். கொட்டகை இரண்டாவது.

கொட்டகையில் அவரைக் காட்டக்கூடியது எண்ணிக்கை ஏடு. கூலி 100 ஆட்டுக்கு இவ்வளவு என்ற கணக்கு. ஆகவே ஒவ்வொருவருக்கும் தினசரி எண்ணிக்கை எழுதப்பட்டது. சில ஏடுகளில் பருவத் தொடக்கத்தில் ஒரு பக்கத்தில் மட்டும் பெயர்கள், பிறகு முழுக்க எண்கள். அந்த முதல் பக்கத்தைப் படம் எடுக்காமல் நகராதீர்கள்.

கையால் கத்தரித்த காலமா, இயந்திரக் காலமா என்பதும் ஒரு துப்பு. லவுத் ஊருக்கு அருகிலுள்ள டன்லப் பண்ணையில் 1888-இல் முழுப் பருவமும் உல்ஸ்லி இயந்திரங்களால் கத்தரிக்கப்பட்டது; ஒரு கொட்டகை முழுதும் இயந்திரத்தால் முடிந்தது அங்கேதான் முதல். ‘தாத்தா டன்லப்பில் முதல் மெஷின் ஓட்டினார்’ என்ற கதை பல குடும்பங்களில் உண்டு. செய்தித்தாள் எழுதிய பெயர்களோடு ஒத்துப் பார்த்த பிறகு நம்பலாம்.

தொழிற்சங்கப் பக்கமும் பாருங்கள். கத்தரிப்பவர் சங்கம் 1886-இல் எழுந்தது. 1894-இல் ஆஸ்திரேலியத் தொழிலாளர் சங்கமாக இணைந்தது. 1891, 1894 வேலைநிறுத்தங்களில் கைதானவர்களின் பெயர்கள் நீதிமன்றச் செய்திகளில் வந்துள்ளன. சங்கத்தில் சேராத ஆட்களை ஏற்றிச் சென்ற ‘ராட்னி’ நீராவிப் படகை 1894 ஆகஸ்ட் 26-இல் பூன்காரி அருகே டார்லிங்கில் எரித்தார்கள். அந்த மாதச் செய்தித்தாள்களில் ஆற்றங்கரை முகாம்கள் பற்றி ஏராளமாக இருக்கிறது.

இன்னொரு நல்ல இடம் 1862 முதல் வெளிவந்த நியூ சவுத் வேல்ஸ் போலீஸ் கெசட் என்ற காவல்துறை இதழ். ஒப்பந்தத்தை மீறி வேலையை விட்டு ஓடியவர், மனைவியைக் கைவிட்டவர், குதிரையைப் பறிகொடுத்தவர், உறவினர் தேடுகிறவர் என எல்லோரும் அதில் உண்டு. உயரம், தலைமுடி நிறம், தழும்பு வரை எழுதியிருப்பார்கள். புகைப்படம் இல்லாத ஒருவரின் முகத்தை ஓரளவுக்காவது காட்டக்கூடியது இதுதான்.

ட்ரோவ் தளத்தில் தேடினால் ஆயிரக்கணக்கில் வருகிறது, அல்லது ஒன்றுமே வரவில்லை. என்ன தவறு?

ட்ரோவ் என்பது ஆஸ்திரேலியத் தேசிய நூலகத்தின் இலவசத் தளம். பெரும்பாலான செய்தித்தாள்கள் 1954 வரை உள்ளன. நியூ சவுத் வேல்ஸ் அரசிதழும் அங்கேயே உண்டு.

ஒன்றும் வரவில்லை என்றால் பெரும்பாலும் எழுத்துப் பிழை காரணம். இயந்திரம் அச்சைப் படித்து எழுத்தாக்கியதால் மங்கிய தாளில் பெயர் சிதைந்திருக்கும். ஊர்ப் பெயரின் பழைய எழுத்துமுறையையும் பாருங்கள்: மெனிண்டியின் ஆங்கிலப் பெயர் இன்று இரட்டை ‘ஈ’யில் முடிகிறது, பழைய தாள்களில் ‘ஐ, ஈ’ என்று முடியும். பாதிப் பேர் இங்கேதான் தவறவிடுகிறார்கள். குடும்பப் பெயரை விட்டுவிட்டு, பண்ணைப் பெயரோடு ‘விபத்து’, ‘மூழ்கி’, ‘கணக்கர்’ போன்ற ஒரு சொல்லை ஆங்கிலத்தில் போட்டு, பத்தாண்டு வரம்பு வைத்துத் தேடினால் சிதைந்த பெயர் கண்ணில் படும்.

அதிகமாக வந்தால் செய்தித்தாளைக் குறுக்குங்கள். வில்கேனியாவின் வெஸ்டர்ன் கிரேசியர், ஹே ஊரின் ரிவரைன் கிரேசியர், 1888 முதல் புரோக்கன் ஹில்லின் பேரியர் மைனர் ஆகிய மூன்றும் இந்தப் பகுதிக்கு அடிப்படை. பிறகு அடிலெய்டுத் தாள்கள். ‘நமது நிருபர்’ எழுதும் ஊர்க் கடிதப் பகுதியில், யார் எந்தப் பண்ணைக்கு மாறினார், எந்தக் கொட்டகையில் எத்தனை ஆடு கத்தரித்தார்கள் என்பது வாரந்தோறும் வரும். பெயரைத் தேடிப் பிடிக்க முடியாதவர்கள், ஆண்டு தெரிந்தால், அந்தப் பகுதியை வரிசையாகப் படிப்பதே வேகமான வழி. கண்ட இடத்தில் பிழையான எழுத்தைத் தளத்திலேயே திருத்திவிடுங்கள். அடுத்தவருக்குத் தேடலில் வரும்.

தாத்தாதான் பண்ணை முதலாளி என்கிறார்கள். எப்படிச் சரிபார்ப்பது?

சந்தேகத்தோடு தொடங்குங்கள். ‘கிஞ்செகாவைச் சேர்ந்த திரு. இன்னார்’ என்று செய்தித்தாள் எழுதினால் அவர் முதலாளியாக இருக்கலாம். மேலாளராக, மேற்பார்வையாளராக, வேலை பழக வந்த ஜாக்கரூவாகவும் இருக்கலாம். முதலாளி சிட்னியிலோ அடிலெய்டிலோ லண்டனிலோ உட்கார்ந்திருந்தார் என்பதுதான் பல பண்ணைகளின் உண்மை. புரோக்கன் ஹில் வெள்ளிப் படிவத்தை 1883-இல் கண்ட சார்ல்ஸ் ராஸ்ப்கூட மவுண்ட் கிப்ஸ் பண்ணையில் வேலி சுற்றிப் பார்க்கும் பவுண்டரி ரைடர்தான்.

குத்தகைதாரர் என்றால் அரசிதழில் குத்தகை, வாடகை பாக்கி, கைமாற்று அறிவிப்புகளில் பெயர் வரும். இறந்த பிறகு உயில் கோப்பும், 1880 முதல் முத்திரைத் தீர்வைத் துறையின் இறந்தோர் சொத்துக் கோப்பும் இருக்கும். பின்னதில் ஆடு, குதிரை, வண்டி, கடன் என்று பொருள் பொருளாக மதிப்பிட்டிருப்பார்கள். உயில் எழுதாதவருக்கும் அது இருக்கலாம் என்பதால் இதை விடாதீர்கள். திவாலானவர் என்றால் 1887 வரை ஓர் ஆவண வரிசை, 1888 முதல் மற்றொரு வரிசை. திவால் கோப்பில் கடன் கொடுத்தவர்கள் பட்டியலோடு சம்பள பாக்கி இருந்த தொழிலாளர் பெயர்களும் சில சமயம் இருக்கும். ஆகவே முதலாளியின் திவால் கோப்பு, கூலிக்காரரைத் தேடுகிறவருக்கும் பயன்படும்.

இவையெல்லாம் சிட்னியின் மேற்கே கிங்ஸ்வுட்டில் உள்ள மாநில ஆவணக் காப்பகத்தில் உள்ளன. 2022 இறுதியிலிருந்து அது ‘மியூசியம்ஸ் ஆஃப் ஹிஸ்டரி நியூ சவுத் வேல்ஸ்’ என்ற அமைப்பின் பகுதி. பழைய வழிகாட்டிகளில் உள்ள இணைப்புகள் திறக்காததற்கு இதுவே காரணம்.

எங்கள் பாட்டி பழங்குடிப் பெண், பண்ணையில் வேலை பார்த்தவர். அவருக்கு ஏதேனும் பதிவு உண்டா?

உண்டு, ஆனால் வேறு கையால், வேறு நோக்கத்தில் எழுதப்பட்டவை. டார்லிங் ஆறு பார்க்கிஞ்சி மக்களின் நிலம். 2015-இல் அவர்களுடைய பூர்வீக நில உரிமையை நீதிமன்றம் ஏற்றது. பண்ணைகள் அவர்களுடைய உழைப்பில் ஓடின. கூலிப் பதிவேட்டிலோ குடும்பப் பெயரின்றி ஒரு முதற்பெயர் மட்டும், அல்லது பெயருக்குப் பின்னால் பண்ணையின் பெயர். கூலிக் கட்டத்தில் பணத்துக்குப் பதில் ‘படி’ என்று மட்டும் இருப்பதும் உண்டு. பண்ணை மாறினால் பெயரும் மாறியிருக்கும். எனவே ஒரே ஆளுக்கு மூன்று நான்கு பெயர்களை வைத்துத் தேடத் தயாராக இருங்கள்.

அரசுப் பதிவுகள்: 1883 முதல் 1940 வரை பழங்குடியினர் பாதுகாப்பு வாரியம், 1940 முதல் 1969 வரை நல வாரியம். இவற்றின் தனிநபர் பதிவுகள் பொதுப் பார்வைக்கு இல்லை. நியூ சவுத் வேல்ஸ் அரசின் பழங்குடியினர் விவகாரத் துறையில் குடும்பப் பதிவுச் சேவை உள்ளது; அதன்வழி விண்ணப்பிக்க வேண்டும். உறவை நிறுவும் சான்றுகளை முதலிலேயே இணைத்தால் காத்திருப்பு குறையும். கான்பெராவில் உள்ள அயாட்சிஸ் என்ற பழங்குடியினர் ஆய்வு நிறுவனத்தின் குடும்ப வரலாற்றுப் பிரிவும், பெற்றோரிடமிருந்து அரசு பிரித்தெடுத்த குழந்தைகளின் குடும்பங்களுக்கு உதவும் லிங்க்-அப் அமைப்புகளும் இருக்கின்றன.

ஆட்கள் இடம் மாற்றப்பட்ட வழியைத் தெரிந்துகொள்ளாமல் தேடினால் பாதியில் தடம் அறுந்துவிடும். கரோவ்ரா டேங்க் என்ற இடத்திலிருந்த நியாம்பா பழங்குடிக் குடும்பங்களை 1933-இல் மெனிண்டி முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அந்த முகாம் 1949-இல் மூடப்பட்டபோது அங்கிருந்தவர்களை லேக் கார்ஜெலிகோ அருகே மரின் பிரிட்ஜுக்கு மாற்றினார்கள். மெனிண்டியில் மறைந்த பெயர் மரின் பிரிட்ஜில் திரும்ப வரக்கூடும்.

பிறப்புப் பதிவில் தந்தை பெயர் இல்லாமல் இருப்பது அடிக்கடி நேரும். பண்ணை மேலாளரின் பெயரை ஊகத்தில் அந்த இடத்தில் நிரப்பாதீர்கள். மரபணுச் சோதனை இங்கே சில நேரம் விடை தரும். ஆனால் அந்த விடை உயிரோடிருக்கும் இரண்டு குடும்பங்களைத் தொடும். முதலில் குடும்ப மூத்தோரிடம் பேசுங்கள். இறந்தவரின் பெயரையும் படத்தையும் இணையத்தில் ஏற்றும் முன் அவர்களிடம் அனுமதி கேளுங்கள்.

சீனர், ‘ஆப்கான்’ ஒட்டகக்காரர், இந்திய வியாபாரி என்று குடும்பக் கதை சொல்கிறது. அதற்கு?

சீனச் சமையற்காரர், காய்கறித் தோட்டக்காரர் இல்லாத பெரிய பண்ணை அரிது. ‘ஆப்கான்’ என்று பதிவானவர்களில் பலர் பலுசிஸ்தான், சிந்து, பஞ்சாப் பகுதியினர். வண்டியில் துணியும் ஊசி நூலும் விற்றுப் பண்ணை பண்ணையாகப் போன வியாபாரிகளில் பஞ்சாபியர் நிறைய.

1901-இன் குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பிறகு இவர்கள் ஊருக்குப் போய்த் திரும்ப வேண்டுமானால், சொல்வதெழுதும் தேர்விலிருந்து (வெள்ளையரல்லாதவர் நுழைவதைத் தடுக்க வைத்த தேர்வு) விலக்குச் சான்றிதழ் வாங்க வேண்டியிருந்தது. அந்தச் சான்றிதழ்களில் புகைப்படம், கைரேகை, பிறந்த இடம், கப்பல் பெயர் உண்டு. கோப்பில் உள்ளூர்க்காரர் கொடுத்த நற்சாட்சிக் கடிதம்கூட இருக்கலாம். ஆஸ்திரேலியத் தேசிய ஆவணக் காப்பகத்தில் சிட்னி வரிசையின் எண் எஸ்.டி. 84/1. பெயரைப் பல எழுத்துமுறைகளில் தேடுங்கள். கான், சிங் என்பவற்றை மட்டும் வைத்துத் தேடினால் கடலில் விழுந்த கதைதான். கப்பல் அல்லது ஆண்டு ஏதாவது ஒன்று கையில் வேண்டும்.

பெண்களை எங்கே தேடுவது?

‘தம்பதி தேவை’ என்று பண்ணைகள் விளம்பரம் செய்யும்: கணவனுக்கு வெளிவேலை, மனைவிக்குச் சமையல். கூலிப் பதிவேட்டில் கணவன் பெயரில் மட்டும் ஒரே தொகை. 1902-இல் பெண்களுக்குக் கூட்டாட்சி வாக்குரிமை வந்ததால், 1903 முதல் கூட்டாட்சி வாக்காளர் பட்டியல்களில் பெண்கள் தங்கள் பெயரில் வருகிறார்கள்; தொழில் ‘வீட்டு வேலை’, முகவரி பண்ணையின் பெயர். ஒரே பண்ணை முகவரியில் உள்ள எல்லாப் பெயர்களையும் எழுதிக்கொள்ளுங்கள். பழங்குடிப் பெண்கள் பெரும்பாலும் இதில் இல்லை. அவர்களுடைய கூட்டாட்சி வாக்குரிமை 1962-இல்தான் உறுதியானது.

போருக்குப் போனவர் என்றால்?

எளிது. முதல் உலகப் போர் வீரர் கோப்புகள் முழுதும் தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இலவசம். வரிசை எண் பி2455. சேர்ந்த நாளில் தொழில், பிறந்த ஊர், நெருங்கிய உறவினரின் முகவரி எழுதப்பட்டிருக்கும். திரும்பி வந்து நிலம் பெற்றிருந்தால் மாநிலக் காப்பகத்தில் சிப்பாய் குடியேற்றக் கடன் கோப்பையும் கேளுங்கள். வேலி எத்தனை மைல், கிணறு வற்றியதா என்று ஆய்வாளர் எழுதிய அறிக்கை அதில் இருக்கும்.

பண்ணையிலேயே இறந்தவரின் கல்லறையைக் கண்டுபிடிக்க முடியுமா? நேரில் போகலாமா?

திடீர் மரணம் என்றால் மாநிலக் காப்பகத்தின் மரண விசாரணைப் பதிவேடுகளை முதலில் பாருங்கள். 1834 முதல் 1942 வரை உள்ளன. மருத்துவர் இல்லாத இடங்களில் விசாரணையை உள்ளூர் மாஜிஸ்திரேட்டே நடத்தினார். அந்த மாஜிஸ்திரேட் பக்கத்துப் பண்ணை முதலாளியாகவும் இருப்பார். இதை நினைவில் வைத்துக்கொண்டு தீர்ப்பைப் படியுங்கள். முழு அறிக்கை அழிந்திருந்தாலும் செய்தித்தாளில் சாட்சியம் வந்திருக்கும்.

பெரிய பண்ணைகளில் சிறு இடுகாடு உண்டு. முதலாளி குடும்பத்துக்குக் கல். மற்றவர்களுக்கு மரக் குறி. மரக் குறி கறையானுக்கும் தீக்கும் போய்விட்டது. எனவே கல்வெட்டுப் பட்டியலில் பெயர் இல்லை என்பதால் அங்கே அடக்கமில்லை என்று முடிவு செய்யக் கூடாது. சான்றிதழில் உள்ள அடக்க இடமே சான்று.

கிஞ்செகா 1967 முதல் தேசியப் பூங்கா என்பதால் போவது சுலபம். 1875-இல் கட்டிய கம்பளிக் கொட்டகை நிற்கிறது; 1967 வரை அங்கே 60 லட்சம் ஆடுகள் கத்தரிக்கப்பட்டன. பழைய வீட்டின் இடிபாடும் உள்ளது. மற்ற பண்ணைகளில் இன்றும் ஆட்கள் தொழில் செய்கிறார்கள். முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்காமல் நுழையாதீர்கள். கத்தரிப்பு நாட்களிலும் குட்டி ஈனும் காலத்திலும் வேண்டாம் என்பார்கள். மே முதல் செப்டம்பர் வரை நல்ல பருவம். கோடையில் 45 டிகிரியைத் தொடும். சிறு மழைக்கே மண் சாலைகள் களியாகி மூடப்படும். மூடிய சாலையில் ஓட்டினால் அபராதம். நிலையை நேரில் விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள். குடிநீர், உதிரி டயர் இரண்டு, எரிபொருள் ஆகியவற்றைக் கூடுதலாக வையுங்கள். வாயிற்கதவு திறந்திருந்தால் திறந்தபடியே, மூடியிருந்தால் மூடியபடியே விடுங்கள்.

கல்லறைக் கல்லில் சாக்குக்கட்டி தேய்க்காதீர்கள், கல் உரியும். காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் எடுத்தாலே எழுத்து தெரியும். கொட்டகைச் சுவரில் கீறிய பெயர்களையும் ஆண்டுகளையும் படமெடுங்கள்; எந்தத் தூண், எந்தப் பக்கம் என்பதைக் குறியுங்கள்.

வீட்டிலேயே ஒரு பழைய பண்ணை ஏடு இருக்கிறது. என்ன செய்வது?

ஒட்டுநாடா, லேமினேஷன் இரண்டும் கூடாது. அட்டை, வெற்றுப் பக்கங்கள், உள்ளே செருகிய துண்டுச் சீட்டுகள் உட்பட எல்லாவற்றையும் வரிசை மாறாமல் படமெடுங்கள். சீட்டு எந்தப் பக்கத்தில் இருந்தது என்பதும் தகவல்தான். ஏடு உங்கள் குடும்பத்துக்கு யாரிடமிருந்து எப்படி வந்தது என்று ஒரு தாளில் எழுதி உடன் வையுங்கள். பிறகு மாநில நூலகத்திடம் பேசுங்கள். அவர்கள் மூலத்தை வாங்கிக்கொள்வார்கள், அல்லது படியெடுத்துத் திருப்பித் தருவார்கள். பக்கம் பக்கமாகப் பிரித்துப் பங்காளிகளுக்குக் கொடுக்க மட்டும் வேண்டாம். ஓர் ஏட்டின் பக்க எண்தானே அடுத்த ஏட்டுக்கு வழி காட்டுகிறது.